16 பக்கம், இரண்டு துறை: வடிவமைப்பு மாணவரும் ஒளிப்பட மாணவரும் சேர்ந்து இதழ்ப் பக்கங்கள் செய்ய ஒரு வழிகாட்டி

சென்னைக் கல்லூரி ஒன்றில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படித்தபோது, வடிவமைப்பைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்த நாங்கள் இருவரும், ஒளிப்படத்தை எடுத்திருந்த இருவரும் சேர்ந்து காஞ்சிபுரத்துப் பட்டு நெசவைப் பற்றி 16 பக்க இதழ் ஒன்றைச் செய்தோம். முதல் முறை அச்சாகி வந்த படிகளைப் பிரித்துப் பார்த்தபோது, நெசவாளரின் முகம் இரண்டு பக்கங்களும் சேரும் நடுமடிப்புக்குள் பாதி போயிருந்தது. அரக்குச் சேலை செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. கட்டுரைத் தலைப்பில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன. மதிப்பீட்டுக்கு நான்கு நாட்களே இருந்த நிலையில் எல்லாவற்றையும் திருத்தி, மறுபடியும் காசு கட்டி அச்சிட்டோம்.

எங்களில் யாருக்கும் கைவேலை தெரியாமல் இல்லை, வரிசைதான் தவறியது. படங்களை எடுத்து முடித்த பிறகு பக்கங்களைப் பற்றி யோசித்தோம். பக்கங்களை முடிவு செய்த பிறகே படமெடுக்கப் போயிருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்தச் சரியான வரிசையில் எழுதப்பட்டவை. நீங்கள் எடுக்கும் பொருள் நெசவாக இல்லாமல் மீன்பிடித் துறைமுகமாகவோ மண்பாண்டச் சூளையாகவோ இருந்தாலும் வரிசை மாறாது.

1. வேலை தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்

நண்பர்களுக்குள் கையெழுத்து எதற்கு என்று தயங்குவது இயல்பு. ஆனால் இறுதியாண்டில் இதழ்ப் பக்கங்களை வைத்துத்தான் இரு தரப்பும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதால், யார் பெயர் எங்கே வரும் என்ற கேள்வி கடைசி வாரத்தில் கட்டாயம் எழும். அதை முதல் வாரத்தில் எழுப்பினால் பேச்சாக முடியும். கடைசி வாரத்தில் எழுந்தால் சண்டையாக முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படமாகவோ, வேலையின் பகுதியாக முதலாளிக்கு எடுத்த படமாகவோ இல்லாத நிலையில் முதல் உரிமையும் அவருடையதே. பக்கத்தை அமைத்த காரணத்தால் அந்தப் படம் வடிவமைப்பாளருக்குச் சொந்தமாகிவிடாது. அதேபோல, தன் படம் இடம்பெற்றிருக்கிறது என்பதற்காகப் பக்க அமைப்பு ஒளிப்படக்காரரின் வேலையாகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதாக இருந்தாலும் பயன்படுத்த அனுமதிப்பதாக இருந்தாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும்; உரிமையை மாற்றித் தருவதற்குக் கையொப்பமும் வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் போடப்போகும் வேலைக்கு எல்லை முக்கியம் என்பதால் "உலகம் முழுவதும்" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிடுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் இவை இருந்தால் போதும்: யார் எத்தனை படம் தர வேண்டும், எந்தத் தேதிக்குள், இறுதித் தேர்வில் யார் சொல் கடைசி, படத்தை வெட்ட வடிவமைப்பாளருக்கு எவ்வளவு உரிமை, செலவைப் பங்கிடும் முறை, இருவர் பெயரும் எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வரும். வெட்டுவது பற்றிய வரியை மழுப்பாமல் எழுதுங்கள். எங்கள் குழுவில் "தேவைப்பட்டால் வெட்டலாம்" என்று வாய்ச்சொல்லாக விட்டதில், ஒரு படத்தின் பாதி போய்விட்டது. எடுத்தவர் இரண்டு நாள் பேசவில்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவதை முற்றாகத் தடை செய்துவிடுங்கள். பக்க அமைப்புக்கு வசதியாக இருக்கிறது என்று திருப்பினால் நெசவாளர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்; பின்னால் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும்.

2. முதல் வாரத்திலேயே அச்சகத்துக்குப் போய் வாருங்கள்

பெரும்பாலோர் அச்சகத்தைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். ஆனால் பக்கத்தின் அளவு, எண்ணிக்கை, காகிதம் ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது உங்கள் மென்பொருள் அன்று, அச்சகத்தின் இயந்திரம்.

பத்து, இருபது படிகளுக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. அதற்குச் செய்யும் அச்சுத்தகடுகளின் (பிளேட்) செலவே கையிலுள்ள பணத்தை மிஞ்சிவிடும். டிஜிட்டல் அச்சுதான் உங்களுக்கு உரியது. சென்னையில் இருப்பவர்களுக்குத் திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இத்தகைய கடைகள் உண்டு. காகிதத்தைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்பினால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் அரை நாள் சுற்றுங்கள். மாதிரித் துண்டுகள் கேட்டு வாங்கி, மேலே ஜிஎஸ்எம் எண்ணை (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இயந்திரத்தில் போகும் தாளின் அளவு என்ன என்பதே. ஏ4 இதழின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் 420 × 297 மில்லிமீட்டர். சுற்றிலும் பிளீட் (ஓரம் வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி கூடுதலாக நீட்டி அச்சிடும் பகுதி) 3 மில்லிமீட்டர் விட்டால் 426 × 303. 12 × 18 அங்குலத் தாள் 305 × 457 மில்லிமீட்டர்தான் என்பதால், கணக்குக்கு அடங்குவதுபோல் தெரிந்தாலும் இயந்திரம் ஓரத்தில் விடும் வெற்றிடத்துக்கு அதில் இடமில்லை. 13 × 19 அங்குலத் தாள் போகும் இயந்திரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இதழின் அளவையே சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இதை முதல் வாரத்தில் தெரிந்துகொண்டால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆறாவது வாரத்தில் தெரிந்துகொண்டால் 16 பக்கங்களையும் மறுபடி அமைக்க வேண்டும்.

சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி) அடிக்கும் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 16 பக்கம் போதும். 20, 24 என்று ஆசைப்படாதீர்கள். நல்ல படங்கள் அவ்வளவு தேறாது. உள்பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் காகிதமும் அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் அட்டையும் எங்களுக்குச் சரியாக இருந்தன. அட்டையை மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புக்கோட்டை முன்கூட்டியே அழுத்தித் தடம் பதிப்பது) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

3. வெற்றுத்தாளில் டம்மி செய்யுங்கள்

இந்தப் படிக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். நான்கு ஏ3 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, ஸ்டேப்ளர் அடித்தால் 16 பக்க வெற்று மாதிரி இதழ், அதாவது டம்மி, கையில் இருக்கும். அதில் பென்சிலால் பக்க எண் போட்டு, எந்தப் பக்கத்தில் எத்தகைய படம், எவ்வளவு எழுத்து என்று நான்கு பேரும் உட்கார்ந்து வரையுங்கள். கணினியில் இதைச் செய்தால் வடிவமைப்பு மாணவரே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவார். ஒளிப்பட மாணவர் பின்னால் நின்று தலையாட்டுவார். பென்சில் நான்கு கைகளுக்கும் போகும்.

டம்மியைப் பிரித்துப் பார்த்தால் திரை ஒருபோதும் காட்டாத ஓர் உண்மை விளங்கும். வாசிக்கும்போது இரட்டைப் பக்கமாகத் தெரியும் 4ஆம் பக்கமும் 5ஆம் பக்கமும் வெவ்வேறு தாள்களில் அச்சாகின்றன. 4ஆம் பக்கத்தோடு ஒரே தாளில் இருப்பது 13ஆம் பக்கம். 16 பக்க இதழில் ஒரே தாளில் தொடர்ச்சியாக அச்சாகும் உள் இரட்டைப் பக்கம் 8, 9 மட்டுமே. மற்ற எல்லா இரட்டைப் பக்கங்களிலும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறியிறங்கும். நிறமும் சற்று மாறும்.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை (சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகளை) இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் காட்சியை எங்கள் நண்பர் அருமையாக எடுத்திருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள் படத்தின் இட ஓரத்திலிருந்து வல ஓரம் வரை ஓடின. அதை நாங்கள் 4, 5ஆம் பக்கங்களில் போட்டோம். மடிப்பில் ஒவ்வோர் இழையும் அறுந்து, ஒரு மில்லிமீட்டர் கீழே மறுபடி தொடங்கியது. நெசவைப் பற்றிய இதழில் இழை அறுந்து நிற்பதைவிட அவமானம் வேறில்லை. இரண்டாம் முறை அதை 8, 9க்கு மாற்றினோம்; சரியாயிற்று. ஆகையால் மடிப்பைக் கடக்கும் கோடுகள் உள்ள படத்துக்கு நடுப்பக்கத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற இரட்டைப் பக்கப் படங்களில் மடிப்பின் மேல் வானமோ, சுவரோ, இருட்டோ வருமாறு திட்டமிடுங்கள்.

முகம், கண், கை, எழுத்து ஆகிய நான்கும் மடிப்பிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று டம்மியிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை வைத்து ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் இன்னும் அதிகம் தேவை. அதில் இதழ் முழுவதும் விரியாது. வெளி ஓரத்தில் 10 மில்லிமீட்டருக்குள் எழுத்தை வைக்காதீர்கள்.

டம்மி முடிந்ததும் அதிலிருந்து படப் பட்டியல் ஒன்றை எடுங்கள்: "பக்கம் 2, நிற்கும் வடிவம், மேல் மூன்றிலொரு பங்கு தலைப்புக்குக் காலி; பக்கம் 6, 7, படுக்கை வடிவம், ஆள் வலப்பாதியில்" என்பதுபோல. ஒளிப்பட மாணவர் கேமராவோடு சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள் இது. இந்தப் பட்டியல் தன் கண்ணைக் கட்டிப்போடுகிறது என்று எங்கள் நண்பர் ஒருவர் முதலில் சொன்னார். பட்டியலில் உள்ளதை எடுத்து முடித்த பிறகு விருப்பம்போல் எடுக்கலாம் என்பதே அதற்குப் பதில். இதழில் வந்த மிகச் சிறந்த இரண்டு படங்கள் அப்படி எடுத்தவைதாம்.

4. கேமரா இல்லாமல் ஒரு முறை போய், கடிதங்களை முடியுங்கள்

தேவையான ஆவணங்கள் மூன்று. துறைத்தலைவர் கையொப்பமும் முத்திரையும் உள்ள கல்லூரிக் கடிதம், அதில் நால்வர் பெயரும் பதிவெண்ணும் தேதியும் நோக்கமும். கல்லூரி அடையாள அட்டை. படத்தில் வருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் தாள். கல்லூரிக் கடிதம் ஒரே நாளில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். எங்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. ஒப்புதல் தாளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஐந்து வரிக்குள் எழுதுங்கள்: படம் எதற்கு, எங்கே வரும், விற்பனைக்கா இல்லையா, வேண்டாம் என்றால் எப்போது வரை சொல்லலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் படத்தில் இருந்தால் பெற்றோர் கையொப்பம் வாங்குங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. தறியில் ஓடிக்கொண்டிருக்கும் சேலையின் வடிவம் பெரும்பாலும் நெசவாளருக்குச் சொந்தமானதன்று. பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளியுடையது அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையது. புது வடிவம் கடைக்கு வருமுன் வெளியே தெரிந்தால் வேறொருவர் அதை நெய்துவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. நெசவாளர் சரி என்று சொன்னதை மட்டும் நம்பிப் படமெடுத்து, பிறகு அவருக்கு வேலை கொடுப்பவர் கோபித்துக்கொண்டால், இழப்பு உங்களுடையதன்று, அவருடையது. எனவே சேலையின் முந்தி தெரியலாமா, கரை மட்டும் போதுமா என்று இருவரிடமும் கேளுங்கள்.

தறி நின்றால் கூலி நிற்கும். உங்களுக்காக அவர் அரை நாள் தறியை மெதுவாக ஓட்டுகிறார் என்றால் அதற்கு ஈடு கொடுப்பதுதான் முறை. நாங்கள் இரண்டு வீடுகளுக்குத் தலா 600 ரூபாய் கொடுத்தோம். முதலில் மறுத்தார்கள், பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

காஞ்சிபுரம் என்றதும் பின்னணிக்குக் கோயிலைச் சேர்க்கும் ஆசை வரும். தவிர்க்கப் பாருங்கள். கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டிருக்கிறது. கைலாசநாதர் கோயில்போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்கவே முன் அனுமதி வேண்டும். எங்கள் இதழில் ஒரு கோபுரம்கூட இல்லை. யாரும் அதைத் தேடவுமில்லை.

கேமரா இல்லாமல் போகும் இந்த முதல் பயணத்தில் சன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, மின்விளக்கு எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். காலத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தெருவில் பாவு போடும் வேலையைக் கெடுத்துவிடும். திறந்தவெளி வேலை எதுவானாலும் தை பிறந்த பிறகு நாள் குறிப்பது நல்லது.

5. படமெடுக்கும் நாள்

வடிவமைப்பு மாணவரும் கூடவே போக வேண்டும். எங்கள் முதல் பயணத்தில் ஒளிப்பட மாணவர்கள் மட்டும் போனார்கள். 400 படங்களில் நிற்கும் வடிவத்தில் 31 மட்டுமே இருந்தன. இதழின் ஒற்றைப் பக்கம் நிற்கும் வடிவம் என்பது கேமராவைப் பிடித்திருப்பவருக்கு நினைவில் இருக்காது. பக்கத்தில் ஒருவர் டம்மியைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் பின்னால் போ, மேலே இடம் விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கையும் அறிந்திருங்கள். 426 × 303 மில்லிமீட்டர் இரட்டைப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நிரப்ப ஏறத்தாழ 5031 × 3579 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000 × 4000 பிக்சல் அதற்குப் போதும். ஆனால் படத்தின் பாதியை வெட்டிப் பெரிதாக்கினால் 180 டிபிஐக்கும் கீழே போய்விடும். கேமராவின் வடிவம் 3:2. இதழின் இரட்டைப் பக்கம் அதைவிடச் சற்றுக் குறுகலானது. உயரத்துக்குப் பொருத்தினால் இருபுறமும் தலா 14 மில்லிமீட்டர் வெளியே போகும். ஆகவே சட்டகத்தின் ஓரத்தில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள். இறுக்கமாகச் சட்டகமிடுவது நல்ல ஒளிப்படக்காரரின் பழக்கம் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். இதழுக்கு அது பொருந்தாது.

குழித்தறி வீடுகள் இருட்டானவை. நெசவாளர் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பதால், நீங்கள் நின்றபடி எடுத்தால் எல்லாப் படங்களும் அவருடைய தலையுச்சியைக் காட்டும். தரையில் உட்காருங்கள், தேவையானால் படுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 முதல் 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் விழும் துகள் அச்சில் அவ்வளவு தெரியாது, அசைந்த முகம் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை விழாது. படத்துக்காக விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்; அந்த வெளிச்சத்தில்தான் அவர் இழையைப் பார்க்கிறார்.

பட்டின் மேல், குறிப்பாக ஜரிகையின் மேல், நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். போலரைசர் வடிகட்டி உலோகத்தின் பளபளப்பைக் குறைக்காது. அதற்காக வாடகை கொடுத்து ஒன்றை எடுத்துப் போனோம், வீண். சன்னலுக்கு எதிர்ப்புறம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றைப் பிடித்தால் போதும். ஒவ்வோர் இடத்திலும் முதல் படத்தில் சாம்பல் நிற அட்டையைச் சேலையின் மேல் வைத்து எடுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் நாளில் அந்த ஒரு படம் பத்து மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கோர்வை நெசவில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக்கருவி) நெய்து இணைப்பதால் உதவிக்கு இன்னொருவர் தேவைப்படுகிறார். அவரையும் படத்தில் சேருங்கள், அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படக்குறிப்பு எழுதும்போது பெயருக்காகக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிராது.

6. தேர்வும் கோப்புப் பரிமாற்றமும்

கேமராவின் பதப்படுத்தாத மூலப் படங்களான ரா கோப்புகளை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமியுங்கள். அதற்கு முன் மெமரி கார்டை அழிக்காதீர்கள். தேர்வைச் சிறிய அச்சுப் படங்களை வைத்துச் செய்யுங்கள். 60 படங்களைத் தபால் அட்டை அளவில் அச்சிட்டு, தரையில் பரப்பி, டம்மியின் பக்க எண்களோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். திரையில் பார்த்தால் இரண்டு நாள் ஆகும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். அவசரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள். எங்கள் அட்டைப்படமே அப்படிச் சுருங்கிய ஒன்றாக இருந்ததை அச்சான பிறகுதான் கண்டோம். கோப்புப் பெயரில் பக்க எண்ணும் திருத்த எண்ணும் இருக்கட்டும்: "ப08_பாவு_தி2". "இறுதி", "கடைசி இறுதி" என்ற பெயர்களுக்குத் தடை விதியுங்கள்.

7. தமிழ் உரையைப் பக்கத்தில் அமைப்பது

வகுப்பில் காட்டப்படும் மாதிரி இதழ்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்கள் என்பதால், தமிழுக்கு வரும்போது அந்த அளவுகள் எல்லாம் ஏமாற்றும். தமிழ்ச் சொல் நீளமானது. எழுத்துக்கு மேலும் கீழும் கொக்கிகள் உண்டு. 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரியிடைவெளி வைத்தால் மேல்வரியின் "கு" கீழ்வரியின் "கி"யை இடிக்கும், 15 வையுங்கள். அந்த அளவில், படமே இல்லாத ஏ4 பக்கத்தில் இரண்டு பத்தியாக அமைத்தபோது எங்களுக்கு 400 சொல்லுக்கு மேல் ஏறவில்லை. கட்டுரை எழுதுபவரிடம் இந்த எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதிய பிறகு வெட்டச் சொன்னால் வருத்தமே மிஞ்சும்.

பத்தியை இருபுறமும் சமமாக்க வேண்டாம். குறுகிய பத்தியில் நான்கே சொற்கள் நிற்கும் வரியை இழுத்துச் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும்.

பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்து தெரிந்தால் எழுத்துரு கெட்டுவிட்டது என்று எண்ணிப் புது எழுத்துருவைத் தேடி ஓடாதீர்கள். பத்திப் பலகத்தின் பட்டியலில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் உரிய இடத்துக்கு வந்துவிடும். எங்கள் தலைப்பு உடைந்ததற்குக் காரணம், உடல் உரைக்கு இதைச் செய்துவிட்டுத் தலைப்புப் பெட்டிக்குச் செய்ய மறந்ததுதான். எழுத்திடைவெளியை அகட்டுவதும் அதேபோன்ற கேட்டைச் செய்யும். "கொ", "போ" போன்றவற்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்துவிடும். முதலெழுத்தைப் பெரிதாக்குவதாக இருந்தால் முழு எழுத்தும் பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உரை பழைய டி.டி.பி. எழுத்துருவில் தட்டப்பட்டு வந்தால் யுனிகோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு வரிக்கு வரி படியுங்கள். காலுக்குப் பதில் "ர" நிற்பதும், "ஔ" என்பது "ஒ", "ள" என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதும் இங்கேதான் நுழையும். எழுத்துருவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், அனெக் தமிழ், கேட்டமரான், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. நீண்ட உரைக்கு நோட்டோ செரிஃபும் தலைப்புக்கு அனெக்கும் எங்களுக்குப் பொருந்தின. தமிழில் சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலும் மென்பொருள் வலுவில் சாய்ப்பதுதான் அது, எழுத்து தடுக்கி விழுவதுபோல் இருக்கும்.

8. நிறமும் பிடிஎஃப்பும்

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து போன்ற பட்டின் நிறங்களில் சில நான்கு மைகளுக்குள் அடங்காதவை. திரையின் நிறமுறையான ஆர்ஜிபியிலிருந்து நான்கு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேக்கு ஒரே சொடுக்கில் மாற்றினால் அரக்கு மங்கி விடும். கடைக்காரரிடம் அவர் இயந்திரத்துக்கு எந்த வகைக் கோப்பு வேண்டும், எந்த நிற விவரக்கோப்பு (அந்த இயந்திரம் நிறத்தை எப்படி அச்சிடும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) என்று கேளுங்கள். சிக்கலான ஆறு படங்களை ஒரே தாளில் சிறிதாக அடுக்கி, ஒவ்வொன்றையும் மூன்று விதமாகத் திருத்தி, உங்கள் இதழின் அதே காகிதத்தில் ஒரு சோதனை அச்சு எடுங்கள். இரண்டு சோதனைக்கு எங்களுக்கு 150 ரூபாய் ஆயிற்று. மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வேலை செய்யுங்கள். முழு வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த தறிவீடு அச்சில் கும்மிருட்டாக வரும்.

உடல் உரையின் கறுப்பு, நான்கு மைக் கலவையாக இல்லாமல் கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிறிய எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும்.

பிடிஎஃப் எடுக்கும்போது இரட்டைப் பக்கமாக எடுக்காதீர்கள். ஒற்றைப் பக்கங்களாக, 1 முதல் 16 வரை வரிசையாக, பிளீட் 3 மில்லிமீட்டரோடு, எழுத்துருக்கள் உள்ளடங்க எடுங்கள். 16உம் 1உம் ஒரு தாள், 2உம் 15உம் அதன் மறுபக்கம் என்று கோப்பது கடையின் மென்பொருள் செய்யும் வேலை.

9. மாதிரிப் படி, செலவு, நாட்கள்

ஒரே ஒரு படியை முதலில் அச்சிட்டு, பின் அடித்து, ஓரம் வெட்டிக் கையில் வாங்குங்கள். "மொத்தமாகப் போட்டுவிடலாம், நேரம் இல்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் இணங்காதீர்கள். நாங்கள் இணங்கினோம். மாதிரிப் படியை, இதழைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பிழைகளையும் பக்க எண் பிழைகளையும் நால்வரும் காணமாட்டீர்கள், அவர் காண்பார்.

எங்கள் செலவு இது. ஒரு படிக்கு நான்கு தாள், எட்டுப் புறம், புறத்துக்கு 25 ரூபாய் வீதம் 200. அட்டை லேமினேஷன், கிரீசிங், சென்டர் பின், ஓரவெட்டு சேர்ந்து 40. ஆக 240 ரூபாய். நால்வருக்கு நான்கு, ஆசிரியர்களுக்கும் வெளித் தேர்வாளருக்கும் மூன்று, நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு, நூலகத்துக்கு ஒன்று, கையிருப்பு இரண்டு என 12 படிகள், 2,880 ரூபாய். மாதிரிப் படியும் நிறச் சோதனையும் 390. பயணமும் சாப்பாடும் 1,800; நெசவாளர் வீடுகளுக்கு 1,200. ஒழுங்காகச் செய்திருந்தால் 6,270 ரூபாயில் முடிந்திருக்கும்; வீணான முதல் அச்சையும் சேர்த்து 9,150 ஆயிற்று. கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் மூன்று இடங்களில் கேளுங்கள். சொன்ன தொகையில் ஜிஎஸ்டி அடங்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நாட்களைப் பொறுத்தவரை ஏழு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒப்பந்தமும் அச்சகமும்; இரண்டாவது டம்மி, கல்லூரிக் கடிதத்துக்கு விண்ணப்பம், கேமரா இல்லாத பயணம்; மூன்றாவது படப்பிடிப்பு; நான்காவது தேர்வும், விட்டுப்போன படங்களுக்காக இன்னொரு பயணமும்; ஐந்தாவதும் ஆறாவதும் பக்க அமைப்பு; ஏழாவதில் மாதிரிப் படி திங்கட்கிழமை, மொத்த அச்சு வியாழக்கிழமை. மார்ச் மாதக் கடைசியில் எல்லாக் கல்லூரி மாணவர்களும் பென்டிரைவோடு அதே கடைகளின் வாசலில் நிற்பார்கள். உங்கள் ஏழாவது வாரம் அதற்கு முன்பே முடியுமாறு பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

10. அச்சான பிறகு

நெசவாளர் வீடுகளுக்கான படிகளைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் வேலைத் தொகுப்பில் இந்தப் பக்கங்களைப் போடும்போது, ஒப்பந்தத்தில் எழுதியபடி மற்றவர் பெயரையும் அவர் செய்த வேலையையும் அதே பக்கத்தில் குறிப்பிடுங்கள். வடிவமைப்பு மாணவர் முழுப் பக்கத்தையும், ஒளிப்பட மாணவர் தனிப் படத்தையும் பக்கத்தையும் அடுத்தடுத்துக் காட்டலாம்.

வகுப்புக்காக ஒரு முறை அச்சிடும் இதழுக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. இதையே பெயர் வைத்துத் தொடர்ந்து வெளியிட எண்ணினால் நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இதழின் பெயருக்கும் பதிவுக்கும் இந்தியத் தலைமைப் பத்திரிகைப் பதிவாளரின் இணையவாசலில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டையில் பெயரை அச்சிட்டுவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். அதே பெயரில் வேறோர் இதழ் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அது உங்களுக்குக் கிடைக்காது.